ஏழு தண்ணீர்

வால்பாறை,
9-6-1987

அன்புள்ள தங்கை கிருஷ்ணம்மாளுக்கு,

பார்சல் கிடைத்தது. பழுப்புக் காகிதம் சுற்றி, சணல் கட்டி, மேலே உங்கள் கையெழுத்தில் என் முகவரி. ஏற்காட்டிலிருந்து ஏதோ வந்திருக்கிறது என்று ஆவலோடு பிரித்தேன். போன மாதம் நான் எழுதி அனுப்பிய பதினான்கு தாள்களும் அப்படியே உள்ளே இருந்தன. கூட ஒரு வரிக் கடிதம் இல்லை.

மூன்று நாள் கழித்துத் தேவசிகாமணியின் அஞ்சலட்டை வந்தது. தையல் மெஷினை மிதிக்கிற வேகத்திலேயே அவர் எழுதவும் செய்வார் போலிருக்கிறது. பாதிதான் படிக்க முடிந்தது. மே முப்பத்தோராம் தேதி படிப்பகத்தில் கூட்டம் போட்டீர்களாம். மலைக் களஞ்சியத்தில் பெரியநாயகம் இனி எழுதவும் கூடாது, திருத்தவும் கூடாது என்று முடிவாம். ஐந்து பேர் கையெழுத்தாம். முதல் கையெழுத்து உங்களுடையதாம்.

அந்தக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. வால்பாறை தூரம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஒரு கார்டு போட்டிருந்தால் லீவு சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் நீங்கள், நான், தேவசிகாமணி மூவரும் ஏற்காடு ஒண்டிக்கடையில் இருக்கிற படிப்பகத்தில் ஒதுங்கி நின்றோம். "நம்ம மலையப் பத்தித் தெரிஞ்சதெல்லாம் ஒரே எடத்துல எழுதி வெச்சா என்னுங்க?" என்று அன்று கேட்டது நீங்கள். ஊர், ஊற்று, செடி, பறவை, சாமி, சொல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள், அகர வரிசையில் அடுக்கி நாடாவில் கட்டுவது என்று வழி சொன்னது நான். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று முதல் பக்கத்தில் விதி எழுதியதும் நான்தான். அந்த விதி இருக்க, இன்று எழுதக் கூடாத ஒரே ஆள் நானாகிவிட்டேன்.

ஏற்காட்டில் இருந்தவரை, எஸ்டேட் ரைட்டராகப் பகல் முழுக்கக் கணக்கு எழுதிவிட்டு நான்கு மைல் நடந்து வந்து எழுதியவன் நான். இருக்கிற எழுநூற்றுச் சொச்சம் தாளில் முன்னூறு என் கை. என்ன குற்றம் செய்தேன் என்று நீங்களாவது சொல்லுங்கள். தேவசிகாமணி சொன்னால் எனக்குப் புரியாது.

இப்படிக்கு,
வே. பெரியநாயகம்

*

தலைச்சோலை,
18-6-1987

பெரியநாயகம் அண்ணனுக்கு,

பார்சலோடு கடிதம் வைக்காதது தப்புதான். நாலு தடவை எழுதி நாலு தடவையும் கிழித்தேன். பால்வாடிப் பிள்ளைகள் அந்தக் காகிதத்தில் கப்பல் செய்து முடித்தார்கள்.

முதல் விதி நீங்கள் எழுதியது. இரண்டாவது விதி ஒன்று இருக்கிறதே, அது ஞாபகம் இருக்கிறதா? ஒரு தாளைத் திருத்தினால் பழைய தாளை எடுக்கக் கூடாது, புதுத் தாளுக்குப் பின்னாலேயே கட்டி வைக்க வேண்டும். யார் என்ன சொன்னார்கள், யார் எதை மாற்றினார்கள் என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அந்த விதி. நீங்கள் வால்பாறைக்குப் போன பிறகு தேவசிகாமணி அண்ணன் உட்கார்ந்து பார்த்தார். நீங்கள் திருத்தியவற்றில் நூற்றுப் பத்துத் தாளுக்குப் பின்னால் பழைய தாளே இல்லை.

மாதப்பன் மாமா தன் ஊற்றைப் பற்றிச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "எங்க ஊட்டுக்குப் பொறத்தால பாறைச் சந்துல வருதுங்க, கோடையில நொம்பச் சின்னதாப் போயிரும்" என்றார். நான் அப்படியே எழுதினேன். நீங்கள் அதை "இல்லத்தின் பின்புறம் கற்பாறை இடுக்கினின்று ஊறும் வற்றாத சுனை" என்று மாற்றினீர்கள். மார்கழியில் அவர் பேரனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "நல்லா இருக்குதுங்க, எந்த ஊரு ஊத்துங்க இது?" என்றார். எல்லாரும் சிரித்தோம், நீங்களும் சிரித்தீர்கள். வற்றுகிற ஊற்றை வற்றாத ஊற்று என்று எழுதிவிட்டோமே என்று அன்று யாரும் யோசிக்கவில்லை.

பழைய தாளையும் பின்னால் கட்டுங்கள் என்று உங்களிடம் மூன்று தடவை சொன்னேன். "பாத்துக்கலாம் அம்மிணி, பழசு எதுக்கு?" என்றீர்கள். நீங்கள் பெரியவர், எல்லாரையும்விட அதிகம் எழுதியவர். அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை.

ஒன்று கேட்கிறேன். "கசப்பு வள்ளி" என்ற கிழங்குத் தாள், தலைச்சோலைக் குப்பாயி சொல்லி நான் எழுதியது, அதன் பழைய தாள் உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் உடனே தபாலில் அனுப்புங்கள். அவசரம்.

கிருஷ்ணம்மாள்

*

வால்பாறை,
27-6-1987

தங்கை கிருஷ்ணம்மாளுக்கு,

பழைய தாள்கள் இல்லை. எஸ்டேட்டை விட்டுக் கிளம்புகிற வாரம், காப்பிக் களத்தில் சருகு எரித்த தீயிலேயே போட்டேன். ஒளித்து மறைத்துச் செய்யவில்லை, பட்டப்பகலில் செய்தேன். அடித்தல், திருத்தல், எண்ணெய்க் கறை, மழையில் ஊறிய மை. ஒரு புத்தகத்தில் அந்த அழுக்கெல்லாம் எதற்கு என்று நினைத்தேன். வீட்டைப் பெருக்கினவனைத் திருடன் என்று பிடித்துக் கட்டுவீர்களோ?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தாள்களை நான் திருத்தி எழுதிக் கொடுத்தபோது முதலில் பார்த்தது நீங்கள். "முத்து முத்தா இருக்குதுங்கண்ணா, அச்சடிச்ச மாதிரி" என்றீர்கள். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இன்னும் நூறு தாள் எழுதினேன். அதே கை என்னை வெளியே தள்ளுகிற தாளிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

கசப்பு வள்ளியில் நான் பெரிதாக என்ன செய்துவிட்டேன்? இலையும் கொடியும் வரைந்து சேர்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தக் கொடியின் முன்னால் உட்கார்ந்து வரைந்த படம். பழைய தாளில், ஏழு தடவை தண்ணீர் மாற்றி வேகவைக்க வேண்டும், ஓடுகிற ஓடையில் ஒரு பகலும் ஒரு இரவும் கூடையில் போட்டு வைக்க வேண்டும் என்றெல்லாம் இருந்தது. ஏழு கன்னிமாருக்கு ஏழு கல் நடுகிறோமே, அந்த மாதிரி ஏதோ வழக்கம் என்று பட்டது. என்னிடம் இருக்கிற அச்சிட்ட மூலிகைப் புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அதைப் பார்த்துத்தான் "தோல் நீக்கி நன்கு வேகவைத்து உண்ணலாம்" என்று எழுதினேன். டவுனிலிருந்து வருகிறவன் படித்துவிட்டு நம் மலைச் சனங்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம்.

உங்கள் கூட்டம் என்ன முடிவு செய்தாலும் களஞ்சியம் நிற்காது. என்னிடம் முழு நகல் ஒன்று இருக்கிறது. சேலத்தில் ஒரு அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டேன். தீபாவளிக்குள் நூறு பிரதி. மலையில் இருக்கிற ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் ஒன்று என் பொறுப்பில் போகும். அப்போது தெரியும் யார் இந்த மலைக்கு உழைத்தது என்று.

பெரியநாயகம்

*

தலைச்சோலை,
3-7-1987

அண்ணா,

அச்சகத்துக்கு இன்றைக்கே தந்தி கொடுங்கள். இந்தக் கடிதத்தை முழுக்கப் படிப்பதற்கு முன்னால் கொடுத்துவிட்டு வாருங்கள்.

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தோம். ஊரை விட்டுப் போன மனிதர், மனசு உடைந்துவிடுவார் என்று தேவசிகாமணி அண்ணன் சொன்னார். அதனால்தான் காரணம் எழுதாமல் தாளைத் திருப்பி அனுப்பினோம். இப்போது எழுதுகிறேன்.

படிப்பகத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிற சின்னத்தம்பியின் மகள் ராசாத்தியைத் தெரியுமே, பத்தாவது எழுதிவிட்டு லீவில் தினமும் வந்து களஞ்சியம் படிப்பாள். மே மாதம் பத்தொன்பதாம் தேதி அவளும் அவள் சிநேகிதியும் உங்கள் பழைய எஸ்டேட் வேலியோரம் போய் ஒரு கூடை கிழங்கு தோண்டி வந்தார்கள். தோலைச் சீவி நன்றாக வேகவைத்தாள். தாளில் இருந்தபடியே செய்தாள் அண்ணா, ஒரு வார்த்தை பிசகாமல். அவள், அவள் அம்மா, சின்னத்தம்பி மூன்று பேரும் சாப்பிட்டார்கள். ருசி பிடித்து அவள்தான் அதிகம் சாப்பிட்டாளாம்.

ஒரு மணி நேரத்தில் வாய் வெந்து நாக்கு தடித்துவிட்டது. பெரியவர்கள் இரண்டு பேரும் வாந்தி எடுத்துப் பிழைத்தார்கள். ராசாத்திக்கு வலிப்பு வந்தது. ஜீப்பில் சேலத்துக்குக் கொண்டுபோனபோது நானும் கூடப் போனேன். மலைப்பாதையின் இருபது வளைவும் அவள் தலை என் மடியில் இருந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டாள். இன்னும் கை நடுங்குகிறது, டம்ளர் பிடிக்க முடியவில்லை.

சின்னத்தம்பி அந்தத் தாளை உருவி எடுத்துப் பார்த்திருக்கிறார். கடைசி வரியில் "சொன்னவர்: குப்பாயி, தலைச்சோலை" என்று இருந்தது. எல்லாவற்றையும் மாற்றிய நீங்கள் அந்த வரியை மட்டும் மாற்றவில்லை.

நேராகக் குப்பாயி வீட்டு வாசலுக்குப் போய்விட்டார். எஸ்டேட் வேலைக்குப் போனவர்கள், தண்ணீருக்குப் போனவர்கள் எல்லாரும் நின்று பார்க்க, "எம் புள்ளையக் கொல்லறதுக்கா எழுதி வெச்சே?" என்று கத்தினார். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்றே அவளுக்குப் புரியவில்லை. "நான் ஏழு தண்ணி சொன்னனுங்க, ஏழு தண்ணி சொன்னனுங்க" என்று திருப்பித் திருப்பிச் சொன்னாளாம். "எங்க இருக்குது ஏழு? காட்டு!" என்று அவள் முகத்துக்கு நேராகத் தாளை நீட்டினாராம்.

காட்ட நம்மிடம் பழைய தாள் இல்லை.

இப்போது சந்தையில் அவள் கூடை இறக்கினால் வாங்க ஆள் இல்லை. நீங்கள் ஊருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மாற்றியது நான், அவள் சரியாகத்தான் சொன்னாள் என்று இரண்டே வரி போதும். ஊர்க்கூட்டத்தில் நான் படிக்கிறேன்.

கிருஷ்ணம்மாள்

*

வால்பாறை,
11-7-1987

தங்கைக்கு,

தந்தி கொடுத்துவிட்டேன். அச்சகத்தில் முதல் இரண்டு பாரத்துப் பக்கங்கள்தான் அச்சில் ஓடியிருந்தனவாம். நிறுத்திவிட்டார்கள்.

ராசாத்தியைப் பற்றிப் படித்த பிறகு சோறு இறங்கவில்லை. அந்தப் பெண் என்னிடம்தான் பேனாவில் மை ஊற்றிக்கொள்ள வருவாள்.

ஆனால் ஊருக்குக் கடிதம் என்றால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும் என்று படுகிறது. நாலைந்து நாளாக யோசித்துப் பார்க்கிறேன். அவள் தோண்டியது அதே கிழங்குதானா? காட்டில் ஒன்றைப்போல் ஒன்று பத்துக் கொடி இருக்கிறது. அடுத்தது, குப்பாயி ஏழு என்று சொன்னதற்குச் சாட்சி என்ன? பழைய தாள் இல்லாதபோது, அவள் என்ன சொன்னாள், நீங்கள் என்ன எழுதினீர்கள், நான் என்ன படித்தேன் என்று யார் உறுதியாகச் சொல்ல முடியும்? அவளே சில நாள் ஒன்று சொல்லுவாள், சில நாள் வேறொன்று சொல்லுவாள். கேட்டு எழுதுகிற எல்லாருக்கும் தெரிந்ததுதானே இது.

நான் இங்கே புதிதாகச் சேர்ந்தவன். எழுத்தில் ஒன்றைக் கொடுத்துவிட்டால் அது எங்கெங்கோ போகும். போலீஸ் வரைக்கும் போகலாம். எனக்கும் குடும்பம் இருக்கிறது. பெண் பிள்ளை கிழங்கு தின்று பிழைத்துவிட்டாள், கடவுள் புண்ணியம். ஆறு மாதம் போனால் ஊர் மறந்துவிடும். குப்பாயியைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நல்லதுதான் நினைத்தேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

பெரியநாயகம்

*

தலைச்சோலை,
20-7-1987

பெரியநாயகம் அவர்களுக்கு,

அதே கிழங்குதான். ராசாத்தி உங்கள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இலைக்கு இலை ஒத்துப் பார்த்துத்தான் தோண்டினாள். அவ்வளவு சுத்தமாக வரைந்திருக்கிறீர்கள்.

சாட்சி யார் என்று கேட்டீர்கள். நான்தான் சாட்சி. அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து என் கையால் எழுதியவள் நான். ஏழு என்று அவள் சொன்னாள், ஏழு என்று நான் எழுதினேன். இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "ஆமா, அதேதான்" என்றாள். அது என் மனசில் நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. உங்களுக்கும் அது தெரியும். போன மாதக் கடிதத்தில் ஏழு தண்ணீர் என்று பழைய தாளில் இருந்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை எழுதிய கைதான் இந்த மாதம் சாட்சி கேட்கிறது. ஊர்க்கூட்டத்தில் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டியிருக்கலாம். தேவசிகாமணி அண்ணன் படிக்கச் சொன்னார். நான் படிக்கவில்லை. காரணம் உங்கள் மேல் இரக்கம் இல்லை. அதைப் படிப்பதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது.

உங்களிடமும் அதைச் சொல்கிறேன். நீங்கள் புதுத் தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தீர்களே, அந்த அன்றைக்கே ஒவ்வொன்றாகப் படித்தேன். கசப்பு வள்ளியில் ஏழு தண்ணீர் இல்லை என்பதை அப்போதே பார்த்தேன். கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். நீங்கள் எதிரே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "முத்து முத்தா இருக்குதுங்கண்ணா" என்று சொல்லிவிட்டேன். அதைத்தான் நீங்கள் இத்தனை நாள் சர்ட்டிபிகேட் மாதிரி வைத்திருக்கிறீர்கள்.

ஐந்து பேர் கூடி உங்களை வெளியே தள்ளினோமே, அன்றைக்கும் இதை நான் சொல்லவில்லை. முதல் கையெழுத்து நானே போட்டேன். எல்லாம் உங்கள் தலையோடு போகட்டும் என்றிருந்தேன்.

பதினேழாம் தேதி ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று இரண்டையும் சொன்னேன். மாற்றியது ரைட்டர், பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தது நான், குப்பாயி மேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன். சின்னத்தம்பி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். குப்பாயி பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் தெளியும் என்று பார்த்தேன். என்னையே பார்த்தாள். "அப்ப உனக்குத் தெரியும்" என்றாள்.

அன்றைக்கு அவள் வீட்டு வாசலில் சின்னத்தம்பி கத்தியபோது, வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நானும் நின்றேன் அண்ணா; உங்களுக்கு யாரோ சொன்ன மாதிரி எழுதினேன். அதையும் அவள் நினைத்துப் பார்த்திருப்பாள்.

நீங்கள் எழுதுவதும் எழுதாததும் இனி உங்கள் விருப்பம். நான் கேட்க மாட்டேன்.

கிருஷ்ணம்மாள்

*

வால்பாறை,
6-8-1987

கிருஷ்ணம்மாளுக்கு,

நான் மலைக்கு வந்து போனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்களைப் பார்க்காமல் திரும்பியதற்கு மன்னிக்க வேண்டும். பால்வாடி வாசல் வரைக்கும் வந்தேன். பிள்ளைகள் பாடுகிற சத்தம் கேட்டது. உள்ளே வர முகம் இல்லை.

முதலில் சின்னத்தம்பி கடைக்குப் போனேன். எழுதிக் கொண்டுபோன தாளை அவர் முன்னால் நின்று படித்தேன். நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். படித்து முடிக்கிறவரை அவர் பால் ஆற்றிக்கொண்டே இருந்தார். அங்கிருந்த எல்லாருக்கும் டம்ளர் வைத்தார், எனக்கு மட்டும் வைக்கவில்லை. உள்ளேயிருந்து ராசாத்தி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

அப்புறம் தலைச்சோலை. குப்பாயி அவரைக்கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தாள். "வாங்க ரைட்டருங்க" என்றாள். கோபமே தெரியவில்லை. அவளிடமும் அந்தத் தாளைப் படித்தேன். மிகுந்த சிரத்தையோடு எழுதியிருந்தேன், நான்கு வாக்கியம். கேட்டுவிட்டு, "ஏழு எதுக்குன்னு தெரியுமுங்களா?" என்றாள்.

"சொல்லு" என்றேன்.

"மொதத் தண்ணி நொரைச்சுக்கிட்டு நிக்கும். மூணாவதுல நொரை அடங்கும். அப்பவும் நாக்குல வெச்சா அரிக்கும். ஏழாவதுல அரிப்பு நிக்கும். நிக்கலீன்னா எட்டு. சாமிக்கு வெக்கற கணக்கு இல்லீங்க அது. எங்க சின்னாத்தா ஒரு பஞ்சத்துல பசி தாங்காம அஞ்சுலயே எறக்கிட்டாளாம். அவளப் பொதச்ச மேட்டத் தாண்டித்தான் நீங்க தெனமும் எஸ்டேட்டுக்குப் போனீங்க."

அவள் குச்சியை மண்ணில் குத்திக்கொண்டே பேசினாள்.

"எஸ்டேட் கேட்டுல நின்னு சத்தம் குடுத்தா எங்க ஊட்டுக்குக் கேக்கும். 'ஏழு நெசமா குப்பாயி'ன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். செரி, கேக்கல. உங்களுக்குத் தோணுனத எழுதுனீங்க. எழுதுனவரு உங்க பேரைப் போட்டுக்கறதுதானுங்களே? எம் பேரை எதுக்கு உட்டு வெச்சீங்க?"

அவள் பெயரை விட்டு வைத்தது அவளுக்குச் செய்கிற கௌரவம் என்று நினைத்துத்தான் செய்தேன், கிருஷ்ணம்மா. இருபத்திரண்டு வருடம் ரைட்டராக இருக்கிறேன். ஒரு பெண் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதத் தெரியவில்லை.

நான் படித்த தாளை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. படிப்பகத்தில் தேவசிகாமணியிடம் கொடுத்துவிட்டேன். கசப்பு வள்ளிக்குப் பின்னால் கட்டச் சொல்லியிருக்கிறேன். இதையாவது யாரும் எரிக்க வேண்டாம்.

உங்கள் பேரில் எனக்கு வருத்தம் இருந்தது. உங்கள் கடைசிக் கடிதத்துக்குப் பிறகு அது என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. நான் எதிரே நின்ற நிற்பில் உங்களுக்கு வாய் வரவில்லை என்றால், நான் எப்படிப்பட்ட ஆளாக நின்றிருப்பேன்!

பெரியநாயகம்

*

தலைச்சோலை,
24-8-1987

அண்ணா,

கடிதம் வந்தது. நீங்கள் வந்து போனதை அன்று மாலையே சொன்னார்கள். உள்ளே வந்திருக்கலாம்.

உங்கள் மேல் போட்ட தடையை எடுத்துவிட்டார்கள். இனி யார் சொன்னதை யார் திருத்தினாலும், கட்டுவதற்கு முன்னால் சொன்னவரிடம் போய்ப் படித்துக் காட்ட வேண்டும் என்று புது விதி. தேவசிகாமணி அண்ணன் பொறுப்பாளர். சாவியை அவரிடம் கொடுத்துவிட்டேன். நான் இனி அங்கே உட்காரப் போவதில்லை. என்னை யாரும் போகச் சொல்லவில்லை, நானேதான்.

குப்பாயி போன வெள்ளிக்கிழமை படிப்பகத்துக்கு வந்தாள். உள்ளே வருவது அதுதான் முதல் தடவை. "நான் சொன்னதெல்லாம் எடுத்துக் குடுங்க" என்றாள். தேவசிகாமணி அண்ணன் என்னைப் பார்த்தார். நான்தான் நாடாவை அவிழ்த்தேன். மூலிகை, கிழங்கு, பறவைக் குரல், பொங்கலுக்குப் பாடுவது, பிரசவத்துக்குக் கொடுக்கிற கஷாயம் என்று நாற்பத்தொரு தாள். ஒவ்வொன்றையும் உருவும்போது இது என்ன என்று தலைப்பைப் படித்துச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். "கசப்பு வள்ளி" வந்தபோது, உங்கள் கடிதமும் பின்னால் இருந்ததால், இரண்டையும் சேர்த்தே கொடுத்தேன். மடித்து மாராப்புக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் வீட்டில் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.

தாள்கள் போன இடத்தில் நாடா தொளதொளவென்று கிடந்தது. தேவசிகாமணி அண்ணன் இழுத்துக் கட்டினார்.

நானும் அவளும் ஒன்றாகக் காப்பிப் பழம் பறித்தவர்கள் அண்ணா. எங்கள் அம்மா எஸ்டேட் லைன் வீட்டில் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு மாதம் எனக்குச் சோறு போட்டது அவள் வீடு. எனக்குப் பால்வாடி வேலை கிடைத்த பிறகும் ஊரே டீச்சர் என்று கூப்பிட, அவள் ஒருத்திதான் "கிட்டம்மா, வாடி" என்பாள். பெரிய மனுசர்கள் முன்னாலும் அப்படித்தான். எனக்குக் கூச்சமாக இருக்கும். தனியாக இருக்கும்போது, "ஏன்டீ, நாலு பேருக்கு முன்னாலயாவது மரியாதையாக் கூப்பிடேன்" என்று கேட்டிருக்கிறேன். சிரிப்பாள்.

இன்று காலையில் தன் கடைசிப் பிள்ளையைப் பால்வாடியில் விட வந்தாள். வாசற்படிக்குக் கீழேயே நின்றுகொண்டாள்.

"பாப்பாவுக்குச் சளி புடிச்சிருக்குதுங்க டீச்சருங்க. வெந்தண்ணி குடுங்க" என்றாள்.

"உள்ளே வா குப்பாயி" என்றேன்.

"இல்லீங்க. வேலை கெடக்குதுங்க. வர்றனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கிருஷ்ணம்மாள்